கறி கெட்டுப்போச்சான்னு லேப்ல கண்டுபிடிக்கிறது எப்படி: டிவிபிஎன்ல ஆரம்பிச்சு சுண்ணாம்பு டெஸ்ட் வரைக்கும்

மோந்து பாத்தாலே தெரியுமே, இதுக்குப் போய் எதுக்கு ஆசிட், பியூரெட்டுன்னு கேக்குறவங்க நெறைய பேர் இருக்காங்க. நியாயமான கேள்விதான். வாரா வாரம் கறிக்கடைக்குப் போறவங்களுக்கு கவுச்சி வாடை எது, கெட்ட நாத்தம் எதுன்னு யாரும் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல. ஆனா நாத்தத்தை ரிப்போர்ட்ல எழுத முடியாது. நீங்க நாறுதுன்னு சொல்வீங்க, கடைக்காரர் எனக்கு ஒண்ணும் நாறலையேன்னு சொல்வாரு, அதோட முடிஞ்சுது. அதுவும் இல்லாம ஐஸ்ல கெடந்த கறி சில்லுன்னு இருக்கும்போது பெருசா வாடை அடிக்காது, எலுமிச்சையோ வினிகரோ போட்டு அலசி வெச்சா இன்னும் மோசம், மூக்கு சுத்தமா ஏமாந்துடும். அந்த இடத்துலதான் கெமிஸ்ட்ரி தேவைப்படுது.

ஃபுட் டெக், வெட்டினரி, பயோகெமிஸ்ட்ரி படிக்கிற பசங்க ப்ராஜெக்ட்டுக்குப் பண்ற மாதிரியும், சின்ன லேப் வெச்சிருக்கவங்க பண்ற மாதிரியும் எழுதுறேன். வீட்ல பண்ணிப் பாக்கற மாதிரி ஒண்ணு கடைசி பக்கமா இருக்கு, அதுக்காக நடுவுல இருக்கறத தாண்டிப் போகாதீங்க, ஏன்னா அது ஏன் வேலை செய்யுதுன்னு இங்கதான் இருக்கு.

முதல்ல உள்ள என்ன நடக்குதுன்னு பாத்துடலாம்

உயிரோட இருக்கற தசையோட பிஹெச் 7 பக்கம் இருக்கும். வெட்டின பிறகு ரத்த ஓட்டம் நின்னு ஆக்சிஜன் இல்லாததால தசையில சேமிச்சு வெச்சிருக்கற சர்க்கரையான கிளைகோஜன் லாக்டிக் ஆசிடா மாறும், பிஹெச் மெதுவா இறங்கி 5.4ல இருந்து 5.8க்குள்ள வந்து நிக்கும், மாட்டுக்கறிக்கு இது கிட்டத்தட்ட ஒரு நாள் எடுக்கும், கோழிக்கு சில மணி நேரத்துலயே முடிஞ்சுடும். கறி மேல உக்கார்ற பாக்டீரியா, முக்கியமா ஃப்ரிட்ஜ் குளிர்லயும் வளர்ற சூடோமோனாஸ், முதல்ல கறியில மிச்சம் இருக்கற குளுக்கோஸைத்தான் சாப்பிடும். குளுக்கோஸ் இருக்கற வரைக்கும் பெருசா ஒண்ணும் தெரியாது. அது தீந்த உடனே அமினோ ஆசிட்ல கைய வைக்கும், அப்பதான் அம்மோனியா, அமீன் (அம்மோனியாவோட சொந்தக்காரப் பொருள்கள்), சல்ஃபர் வாடை எல்லாம் கெளம்பும். ஒரு சதுர சென்டிமீட்டர்ல பாக்டீரியா ஒரு கோடியைத் தொடும்போது வாடை, பத்து கோடி பக்கம் போகும்போது வழவழப்பு, பொதுவா இதான் கணக்கு. வாடை வர்றதுக்கு முன்னாடியே பல தடவை பெருகியிருக்கும்னு யோசிச்சுக்கோங்க, நமக்குத் தெரியறது கடைசி கட்டம் மட்டும்தான்.

பிணத்துல வர்ற வாடைன்னு பேர் போன புட்ரெசின், கெடாவரின் ரெண்டையும் 1885ல பெர்லின்ல லுட்விக் பிரீகர்ங்கற டாக்டர் விவரிச்சாரு. லைசின்ல இருந்து கெடாவரின், ஆர்னிதின்ல இருந்து புட்ரெசின். இதெல்லாம் தனித்தனியா அளக்கணும்னா ஹெச்பிஎல்சி மிஷின் வேணும், அது எல்லார் கையிலயும் இருக்காது. அதனால ஆவியாகுற பேஸ், அதாவது காரத்தன்மை உள்ள பொருள் அத்தனையையும், அம்மோனியா, டைமெத்தில் அமீன், ட்ரைமெத்தில் அமீன் எல்லாத்தையும் மொத்தமா சேத்து அதுல இருக்கற நைட்ரஜனை மட்டும் அளந்துடறாங்க. அதுக்குப் பேர்தான் டிவிபிஎன், டோட்டல் வோலட்டைல் பேசிக் நைட்ரஜன். 100 கிராம் கறிக்கு இத்தனை மில்லிகிராம்னு சொல்வாங்க.

சாம்பிள் எடுக்கறதுலயே பாதி தப்பு நடக்குது

முழுத்துண்டு கறியில கெடறது மேல்பக்கத்துல இருந்துதான். உள்பக்கம் கிட்டத்தட்ட சுத்தமாவே இருக்கும். நீங்க நடுவுல ஒரு துண்டு வெட்டி எடுத்தா ரிசல்ட் நல்லா வரும், மேல் தோலை மட்டும் சீவி எடுத்தா பயங்கரமா வரும், ரெண்டுமே அதே கறி. அதனால ரெண்டு பக்கத்தையும் தனித்தனியா எடுத்து தனித்தனி நம்பரா எழுதறதுதான் நல்லது. கொத்துக்கறிக்கு இந்தப் பிரச்சனை இல்ல, மிஷின்ல அரைக்கும்போதே மேல இருக்கறது உள்ள கலந்துடும், அதனாலதான் அது சீக்கிரம் கெடுது.

மூணு நாலு எடத்துல இருந்து மொத்தம் 100 கிராம் அளவுக்கு எடுங்க, எலும்பு, கொழுப்பு, ஜவ்வு எல்லாம் நீக்கிட்டு மிக்ஸியில விட்டு விட்டு ஓட்டி அரைங்க, தொடர்ந்து ஓட்டினா சூடாகி அமீன் கொஞ்சம் ஆவியாப் போயிடும். கடையில இருந்து லேப் வரைக்கும் ஐஸ் பெட்டி கட்டாயம். ஐஸ் உருகின தண்ணி கறியில படக்கூடாது, படறமாதிரி வெச்சா அமீன் தண்ணியில கரைஞ்சு ஓடி கறி நல்ல கறியா மாறிடும், பேப்பர்ல மட்டும்.

பேக்ல என்ன எழுதணும்னா, என்ன கறி, எந்தப் பாகம், எத்தன மணிக்கு வெட்டினது, எத்தன டிகிரியில வெச்சிருந்தது. இதுல எந்தப் பாகம்ங்கறத நெறைய பேர் விட்டுடறாங்க. கோழியில நெஞ்சுக்கறி பிஹெச் 5.8 பக்கம் இருக்கும்போது தொடைக்கறி ஃப்ரெஷ்ஷாவே 6.3க்கு மேல இருக்கும். பாகம் எழுதலைன்னா தொடைக்கறியப் பாத்து கெட்டுப்போச்சுன்னு சொல்லிடுவீங்க.

பிஹெச்

சுலபமான டெஸ்ட், அதனால முதல்ல பண்ணிடுங்க. மீட்டரை 4, 7 ரெண்டு பஃபர்லயும் செட் பண்ணிட்டு, 10 கிராம் அரைச்ச கறி, 50 மி.லி. டிஸ்டில்ட் வாட்டர், ஒரு நிமிஷம் அடிச்சு எலக்ட்ரோடை விட்டுப் பாருங்க. ஒவ்வொரு சாம்பிளுக்கு நடுவுலயும் எலக்ட்ரோடை சோப்புத் தண்ணியில கழுவி நல்ல தண்ணியில அலசுங்க, கொழுப்பு படிஞ்சா ரீடிங் ஆடிக்கிட்டே இருக்கும்.

ஆட்டுக்கறி, மாட்டுக்கறி 6.4க்கு மேல போனா சந்தேகப்படணும். சந்தேகம் மட்டும்தான், தீர்ப்பு கெடையாது. ஏன்னா லாரியில ரொம்ப தூரம் அடைச்சுக் கொண்டு வந்து, தீனி தண்ணி இல்லாம களைச்சுப்போன மாடு, ஆட்டுல கிளைகோஜன் ஏற்கனவே தீந்திருக்கும், அப்புறம் லாக்டிக் ஆசிட் எங்க இருந்து வரும், அதனால வெட்டின கறி கறுப்பா, இறுக்கமா, காஞ்ச மாதிரி இருக்கும், பிஹெச் 6க்கு மேலயே நின்னுடும். கெடல, ஆனா சீக்கிரம் கெடப்போற கறி. மசாலா தடவின கறிக்கு பிஹெச் டெஸ்ட்டே வேஸ்ட்டு, தயிரும் எலுமிச்சையும் சேந்து நம்பரைக் கீழ இழுத்துடும்.

டிவிபிஎன் பண்ற முறை

இதுக்கு வேண்டியது கெல்டால் டிஸ்டிலேஷன் யூனிட் (ஸ்டீம் விட்டு ஆவியாக்கி, குளிர வெச்சு பிடிக்கற மிஷின்), பியூரெட், அப்புறம் பொறுமை. ஐரோப்பிய யூனியன் மீனுக்கு எழுதி வெச்சிருக்கற முறையத்தான் கறிக்கும் நெறைய பேர் எடுத்துக்கறாங்க. அதுல 6 சதவீத பெர்குளோரிக் ஆசிட் சொல்லியிருக்கும். காலேஜ் லேப்ல நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன், நீர்த்த நிலையில பெருசா பிரச்சனை இல்லன்னாலும் அது சிந்தி காஞ்சு, துணி, பேப்பர், மரத்தோட சேந்தா தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். அதுக்குப் பதிலா ட்ரைகுளோரோ அசிடிக் ஆசிட் 7.5 சதவீதம் போதும், அதுவும் கையில பட்டா வெந்துடும், கிளவுஸ் இல்லாம தொடாதீங்க. ஆசிட் எதுக்குன்னா, ஒண்ணு புரோட்டீனைத் திரிய வெச்சு கீழ தள்ளுது, ரெண்டாவது அமீன் எல்லாத்தையும் உப்பா மாத்தி ஓடிப்போகாம பிடிச்சு வெக்குது.

அரைச்ச கறி 10 கிராம் எடை போட்டு 90 மி.லி. ஆசிட்ல போடுங்க, ரெண்டு நிமிஷம் நல்லா அடிங்க, ஃபில்டர் பேப்பர்ல வடிகட்டுங்க. கிடைக்கற தெளிஞ்ச எக்ஸ்ட்ராக்ட்டை ஃப்ரிட்ஜ்ல வெச்சா ஒரு வாரம் வரைக்கும் தாங்கும்னு அந்த ஐரோப்பிய முறையில இருக்கு, அது பெர்குளோரிக் ஆசிட்டுக்குச் சொன்னது, நம்ம ஆசிட்ல அன்னைக்கே இல்லன்னா மறுநாள் முடிச்சுடுங்க. கறியா வெச்சிருக்கறதுக்கு இது எவ்வளவோ மேல், வந்த உடனே எக்ஸ்ட்ராக்ட் எடுத்துட்டா கடிகாரம் நின்னுடுச்சுன்னு அர்த்தம்.

இப்ப டிஸ்டிலேஷன். ரிசீவர் ஃப்ளாஸ்க்ல 3 சதவீத போரிக் ஆசிட் 100 மி.லி., அதுல டஷிரோ இண்டிகேட்டர் நாலஞ்சு சொட்டு. டஷிரோன்னா மெத்தில் ரெட்டும் மெத்திலீன் ப்ளூவும் கலந்தது. கண்டென்சரோட நுனி போரிக் ஆசிட்டுக்குள்ள முங்கி இருக்கணும், இதைச் சரியா பாக்காம விட்டுட்டு ரிசல்ட் கம்மியா வருதுன்னு பொலம்பற பசங்கள ஒவ்வொரு பேட்ச்லயும் பாக்கலாம். அந்தப் பக்கம் டிஸ்டிலேஷன் ட்யூப்ல எக்ஸ்ட்ராக்ட் 50 மி.லி., பினாப்தலீன் ரெண்டு மூணு சொட்டு, நுரை பொங்காம இருக்க சிலிகான் ஆன்ட்டிஃபோம் கொஞ்சம், கடைசியா 20 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு. பெர்குளோரிக் ஆசிட்டுக்கு 6.5 மி.லி. போதும்னு சொல்லியிருக்கு, உங்க ஆசிட்டோட அளவைப் பொறுத்து கொஞ்சம் மாறும், நல்ல ரோஸ் கலர் வந்து அது கடைசி வரைக்கும் நிக்கணும், அதான் அளவு. கலர் போயிடுச்சுன்னா ஆல்கலி பத்தல, அமீன் முழுசா வெளிய வரல. அதுக்காக அள்ளிக் கொட்டவும் கூடாது, ஆல்கலியும் சூடும் அதிகமானா புரோட்டீன் மிச்சமே ஒடைஞ்சு புதுசா அம்மோனியா வரும், கறி பண்ணாத தப்புக்கு கறிமேல பழி.

ஆல்கலி ஊத்தின உடனே ட்யூபை மாட்டிடுங்க, நிதானமா மூடியத் தேடிக்கிட்டு இருந்தா வரவேண்டியது ரூமுக்குள்ள போயிடும். ஸ்டீம் ஓட்டி பத்து நிமிஷத்துல 100 மி.லி. வர்ற மாதிரி வெச்சுக்கோங்க. முதல்ல ஊதாவா இருக்கற போரிக் ஆசிட் அம்மோனியா ஏற ஏற பச்சையா மாறும், கெட்ட கறின்னா டிஸ்டிலேஷன் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே மாறிடும், நல்ல கறின்னா தயங்கித் தயங்கி சாம்பல் கலந்த பச்சையா வரும். இந்த வித்தியாசத்தைக் கவனிச்சுப் பழகிட்டா டைட்ரேஷனுக்கு, அதாவது பியூரெட்ல இருந்து ஆசிட்டை சொட்டுச் சொட்டா விட்டு அளக்கறதுக்கு முன்னாடியே ஒரு உத்தேசம் கெடைச்சுடும்.

அப்புறம் 0.01 மோலார் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் வெச்சு டைட்ரேட் பண்ணுங்க, பச்சை போய் சாம்பலைத் தாண்டி லேசா ஊதா தொடங்குற எடத்துல நிறுத்துங்க. கறி இல்லாம வெறும் ஆசிட்டை வெச்சு இதே மாதிரி ஒரு பிளாங்க் கட்டாயம் ஓட்டணும்.

கணக்கு ரொம்ப சிம்பிள். சாம்பிள் ரீடிங்ல இருந்து பிளாங்க் ரீடிங்கைக் கழிங்க, அதை 0.14ஆல பெருக்குங்க, 50 மி.லி. மட்டும்தான் எடுத்தோம்ங்கறதால 2ஆல பெருக்குங்க, 100ஆல பெருக்கி கறி எடையால வகுங்க. 10 கிராம் கறின்னா சுருக்கமா ஒரு மி.லி.க்கு 2.8. உதாரணத்துக்கு சாம்பிள் 5.5, பிளாங்க் 0.2ன்னு வெச்சுக்கோங்க, 5.3ஐ 2.8ஆல பெருக்கினா 14.84. சீனாவோட தரக்கட்டுப்பாட்டுல ஃப்ரெஷ், ஃப்ரோசன் கறிக்கு, கோழிக்கும் சேத்துத்தான், 15ன்னு உச்சவரம்பு வெச்சிருக்காங்க, அதுக்கு இது மயிரிழையில உள்ள இருக்கு. இந்த எடத்துல பியூரெட்ல ரெண்டு சொட்டு கூட விட்டா கறி ஃபெயில். அதனால ஒரே கறிய ரெண்டு தடவை பண்ணுங்க, ரெண்டுக்கும் நடுவுல 2 மில்லிகிராமுக்கு மேல வித்தியாசம் வந்தா ரெண்டையும் தூக்கிப் போட்டுட்டு திரும்ப ஆரம்பிங்க.

மிஷின் சரியா இருக்கான்னு பாக்கறதுக்கு அமோனியம் குளோரைடு கரைசலை எடை போட்டு கலந்து, 50 வரணும்னு தெரிஞ்ச ஒண்ணை ஓட்டிப் பாருங்க. 50 பக்கம் வந்தா மேல போங்க, 40 வந்தா எங்கயோ லீக். பிளாங்க் திடீர்னு ஏறிப்போச்சுன்னா பக்கத்து டேபிள்ல யாராவது அம்மோனியா பாட்டிலைத் தொறந்து வெச்சிருக்காங்களான்னு பாருங்க, பாதி நேரம் அதுதான்.

15 வந்தா கெட்டதா, 14 வந்தா நல்லதா

இங்கதான் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்லுவேன். ஒத்த நம்பர வெச்சு முடிவு எடுக்காதீங்க. ஃப்ரெஷ் கறியிலயே கொஞ்சம் டிவிபிஎன் இருக்கும், 10 பக்கம் இருக்கறது சகஜம், அது கறிக்குக் கறி, பாகத்துக்குப் பாகம் மாறும். அதே கடையில அதே மாதிரி வெட்டின கறிய வாங்கி, அன்னைக்கே ஒரு ரீடிங், ஃப்ரிட்ஜ்ல 4 டிகிரியில வெச்சு ரெண்டு நாள் கழிச்சு ஒண்ணு, நாலு நாள் கழிச்சு ஒண்ணுன்னு எடுத்து கிராஃப் போட்டுட்டா அதுதான் உங்க அளவுகோல். கோடு ரொம்ப நேரம் படுத்தே கெடக்கும், திடீர்னு நிமிரும், குளுக்கோஸ் தீந்து அமினோ ஆசிட் எரிய ஆரம்பிச்ச நேரம் அது. சந்தேகப்பட்ட கறியோட நம்பர் அந்த நிமிர்வுக்கு முன்னாடியா பின்னாடியான்னு பாருங்க. எங்கயோ யாரோ போட்ட லிமிட்டை விட இது நம்பகமானது.

வாக்குவம் பேக் கறி இன்னொரு வில்லங்கம். காத்து இல்லாததால சூடோமோனாஸ் அடங்கிடும், லாக்டிக் ஆசிட் பாக்டீரியா மேல வரும், கறி புளிச்ச வாடையோட கெடும், ஆனா டிவிபிஎன் சாதுவா உக்காந்திருக்கும். அதுக்கு இந்த டெஸ்ட்டை நம்பி உக்காராதீங்க, பேக் உப்பியிருக்கா, பிஹெச் வழக்கத்தை விட கீழ போயிருக்கான்னு பாருங்க.

மீன்ல கதை வேற. கடல் மீன்ல ட்ரைமெத்திலமீன் ஆக்சைடு நெறைய இருக்கு, பாக்டீரியா அதை ட்ரைமெத்தில் அமீனா மாத்தும், அந்த மீன் நாத்தம் அதுதான். ஐரோப்பாவுல காட் குடும்ப மீன், சால்மன் மாதிரி சில வகைக்கு 35, தட்டை மீனுக்கு 30, செபாஸ்டிஸ்ங்கற கடல் மீன் வகைக்கு 25ன்னு தனித்தனியா வெச்சிருக்காங்க. கெண்டை, கட்லா மாதிரி ஆத்து மீனு, குளத்து மீனுல அந்த ஆக்சைடே பெருசா கெடையாது, அதுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. சுறாவும் திருக்கையும் இன்னும் வேடிக்கை, அதோட உடம்புலயே யூரியா கொட்டிக் கெடக்கு, புடிச்சு கொஞ்ச நேரத்துலயே அம்மோனியா ஏறிடும். புட்டு செய்யறதுக்கு வாங்கின நல்ல பால்சுறாவை 35 லிமிட்டுல வெச்சு ஃபெயில் பண்ணினா அது உங்க தப்பு.

எலுமிச்சை விஷயத்துக்கு வர்றேன். மீனை எலுமிச்சை, வினிகர், புளித்தண்ணி போட்டு அலசினா வாடை போறதுக்குக் காரணம், ஆசிட் அமீனை உப்பா மாத்திடுது, உப்பு ஆவியாகாது, மூக்குக்கு வராது. ஆனா அது கறியிலயேதான் இருக்கு. நம்ம டெஸ்ட்ல ஆல்கலி ஊத்தும்போது அந்த உப்பு திரும்ப அமீனா மாறி வெளிய வந்துடும். வாடைய மறைக்கலாம், நல்ல தண்ணியில நெறைய அலசி கொஞ்சம் குறைக்கலாம், ஆனா வெறுமனே எலுமிச்சை பிழிஞ்சு வெச்சதை டிவிபிஎன் பிடிச்சுடும்.

மிஷின் இல்லாத லேப்புக்கு

கான்வே யூனிட்னு ஒண்ணு இருக்கு, அயர்லாந்துக்காரர் எட்வர்ட் கான்வே 1930கள்ல கொண்டு வந்தது. வட்டமான சின்ன டப்பா, நடுவுல ஒரு குழி, சுத்தி ஒரு குழி. நடுவுல இண்டிகேட்டர் கலந்த போரிக் ஆசிட் 1 மி.லி., சுத்தியிருக்கற குழியில ஒரு பக்கம் எக்ஸ்ட்ராக்ட் 1 மி.லி., எதிர்ப்பக்கம் பொட்டாசியம் கார்பனேட் கரைசல் 1 மி.லி., ரெண்டும் இன்னும் கலக்கக்கூடாது. மூடியில வாசலின் தடவி அழுத்தி மூடிட்டு, அப்புறம் மெதுவா சாய்ச்சு ரெண்டையும் கலக்க விடுங்க. 37 டிகிரியில ரெண்டு மணி நேரம். அம்மோனியா தானா எழும்பி நடுக்குழிக்குள்ள போயிடும். டைட்ரேட் பண்ணும்போது மைக்ரோ பியூரெட் வேணும், எடுத்ததே ஒரு மி.லி.ங்கறதால சாதா பியூரெட்டோட ஒரு சொட்டு உங்க ரிசல்ட்டையே தலைகீழா மாத்திடும். கரன்ட் செலவு பெருசா இல்ல, ஒரே நேரத்துல பத்து பன்னண்டு ஓட்டலாம், எனக்கு ரொம்பப் பிடிச்ச முறை இதுதான்.

இன்னும் சீக்கிரம் வேணும்னா லெட் அசிடேட் பேப்பர். நறுக்கின கறிய சின்ன பாட்டில்ல பாதிக்கு போட்டு, நனைச்ச லெட் அசிடேட் பேப்பரைக் கறியத் தொடாம மூடியில தொங்க விட்டு, 50, 60 டிகிரி வெந்நீர்ல பாட்டிலை கொஞ்ச நேரம் உக்கார வெச்சா, ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தா பேப்பர் பழுப்பாகி கறுக்கும். வெள்ளையாவே இருந்தா கெடலன்னு அர்த்தம் இல்ல, சல்ஃபர் வாயு இன்னும் வரலன்னு மட்டும்தான் அர்த்தம்.

ஜேம்ஸ் ஜேங்கற மைக்ரோபயாலஜிஸ்ட் 1960கள்ல சொன்ன ஒரு டெஸ்ட்டை நம்ம ஊர் வெட்டினரி ஆளுங்க இன்னும் விடாம பண்றாங்க, பேரு எக்ஸ்ட்ராக்ட் ரிலீஸ் வால்யூம். 25 கிராம் கறி, பிஹெச் 5.8 பாஸ்ஃபேட் பஃபர் 100 மி.லி., அடிச்சு வாட்மேன் நம்பர் 1 ஃபில்டர் பேப்பர்ல ஊத்தி 15 நிமிஷம் வடிய விட்டு எத்தன மி.லி. வந்துதுன்னு பாக்கணும், அவ்ளோதான். 25க்கு மேல வந்தா நல்ல கறி, 20க்குக் கீழன்னா கெட்டது. கெடக் கெட புரோட்டீன் தண்ணியப் பிடிச்சு வெச்சுக்கற தன்மை கூடும், அதான் வடியறது கொறையுது. மெஷரிங் ஜாடியும் வாட்சும் இருந்தா போதும், இவ்வளவு சொல்பமான செலவுல இவ்வளவு உருப்படியான டெஸ்ட் வேற எனக்குத் தெரியாது.

வீட்ல பண்ணிப் பாக்கணும்னா

மஞ்சள் தடவின பேப்பர் செவந்தா கறி கெட்டதுன்னு வீடியோ போடறாங்க, அதை நம்பாதீங்க. மஞ்சள் செவக்கறதுக்கு பிஹெச் 8ஐத் தாண்டணும், கறி அந்த அளவுக்குப் போறதுக்குள்ள தெருவே மூக்கைப் பொத்திக்கும். சங்குப்பூ தேவலாம். பூவைக் கொஞ்சமா வெந்நீர்ல போட்டு நல்ல நீலச் சாறு எடுத்து, வெள்ளை ஃபில்டர் பேப்பரையோ டிஷ்யூவையோ நனைச்சு நெழல்ல காய வையுங்க. மூடி போட்ட ரெண்டு சின்ன கண்ணாடி ஜாடி எடுங்க, ஒண்ணுல இன்னைக்கு வாங்கின கறி ஒரு ஸ்பூன், இன்னொண்ணுல சந்தேகமான கறி ஒரு ஸ்பூன், ரெண்டையும் பொடியா நறுக்கி ஒரு ஸ்பூன் தண்ணி, அதுல வெத்தலைக்குப் போடற சுண்ணாம்பு கடலை அளவு கலந்து, மூடியோட உள்பக்கம் லேசா ஈரம் பண்ணின சங்குப்பூ பேப்பரை ஒட்டி மூடிடுங்க. சுண்ணாம்பு அமீனை வெளிய தள்ளும், அது மேல ஏறி பேப்பரை நீலத்துல இருந்து பச்சைக்குக் கொண்டு போகும். நல்ல கறி ஜாடியும் கடைசில பச்சையாகும், அதனால எது முதல்ல மாறுதுன்னுதான் பாக்கணும், ஒத்த ஜாடி வெச்சுப் பண்ணினா அதுக்கு அர்த்தமே இல்ல. முடிஞ்ச உடனே ரெண்டு ஜாடி கறியையும் கொட்டிடுங்க, சுண்ணாம்பு கண்ணுல படாம பாத்துக்கோங்க. இது கான்வேயோட ஏழைத் தம்பி, நம்பர் குடுக்காது.

இந்த டெஸ்ட் எதுவும் சொல்லாத விஷயங்கள்

டிவிபிஎன் பாஸானா சாப்பிடலாம்னு அர்த்தம் கெடையாது. கறியக் கெடுக்கற பாக்டீரியா வேற, ஆளைப் படுக்க வெக்கற பாக்டீரியா வேற. சால்மொனெல்லா, ஷிகெல்லா எல்லாம் வாடையே இல்லாம இருக்கும். 2022ல காசர்கோடு பக்கம் செறுவத்தூர்ல ஷவர்மா சாப்பிட்டு பல பேர் ஆஸ்பத்திரிக்குப் போனப்ப பேசப்பட்டது ஷிகெல்லாதான், அந்த மாதிரி விஷயத்துக்கு பாக்டீரியாவை வளத்துப் பாக்கற கல்ச்சர் டெஸ்ட் பண்ணணும், டைட்ரேஷன்ல தெரியாது. அதே மாதிரி 2018 நவம்பர்ல எழும்பூர் ஸ்டேஷன்ல ஜோத்பூர்ல இருந்து ரயில்ல வந்த 2000 கிலோவுக்கு மேற்பட்ட கறிய பிடிச்சு, நாய்க்கறின்னு ஊரே பேசி, கடைசில வெட்டினரி காலேஜ் டெஸ்ட்ல ஆட்டுக்கறின்னு வந்துச்சே, அந்தக் கேள்விக்கும் நம்மகிட்ட பதில் இல்ல, எந்த மிருகம்ங்கறத டிஎன்ஏதான் சொல்லும்.

ஹிஸ்டமின் இன்னொண்ணு. சூரை, அயிலை, மத்தி மாதிரி மீனை வெயில்ல போட்டு வெச்சா ஹிஸ்டிடின்ங்கற அமினோ ஆசிட் ஹிஸ்டமினா மாறும், சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல மூஞ்சி செவந்து, தலைவலி, தடிப்பு வரும். சமைச்சா போகாது, பொரிச்சாலும் போகாது. மீன் பாக்க நல்லாவே இருக்கலாம், அதுக்கு எலைசா கிட்டோ ஹெச்பிஎல்சியோதான்.

ஃபார்மலின் போட்ட மீன்ல டிவிபிஎன் நல்லா கம்மியா வரும், பாக்டீரியா செத்துப்போச்சுல்ல. 2018ல கேரளாவுல ஆபரேஷன் சாகர் ராணின்னு செக்போஸ்ட்ல மீன் லாரிய நிறுத்தி சோதனை பண்ணினப்ப கொச்சியில இருக்கற சிஃப்ட், அதாவது மத்திய மீன்வள தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கின பேப்பர் கிட்டைத்தான் பயன்படுத்தினாங்க, ஃபார்மலினுக்கு ஒண்ணு, அம்மோனியாவுக்கு ஒண்ணு. மீன் பல நாள் ஆகியும் நம்பர் மட்டும் சந்தேகப்படற அளவுக்கு அழகா இருந்தா அந்த கிட்டை ஒரு தடவை தேய்ச்சுப் பாத்துடுங்க.

ஃப்ரீசர் கறிக்கு டிபிஏ

மைனஸ் 18ல வெச்ச கறியில பாக்டீரியா தூங்கும், ஆனா கொழுப்பு ஆக்சிஜனோட சேந்து சிக்கு வாடை அடிக்கறது நிக்காது. அதுக்கு டிவிபிஎன் உதவாது. கொழுப்பு ஒடையும்போது வர்ற மலோன்டையால்டிஹைடை தயோபார்பிட்யூரிக் ஆசிட்டோட (அதான் டிபிஏ) சேத்தா ரோஸ் கலர் வரும். 10 கிராம் கறி, 97.5 மி.லி. தண்ணி, 4 நார்மல் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் 2.5 மி.லி., சூடு பண்ணி 50 மி.லி. டிஸ்டிலேட் பிடிங்க. அதுல 5 மி.லி., டிபிஏ கரைசல் 5 மி.லி., மூடி கொதிக்கற தண்ணியில 35 நிமிஷம், ஆற வெச்சு ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர்ல 538 நானோமீட்டர்ல ரீடிங், வந்த நம்பரை 7.8ஆல பெருக்கினா கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம். 1ல இருந்து 2க்குள்ள வந்துடுச்சுன்னா நாக்குக்கே சிக்கு வாடை தெரிய ஆரம்பிக்கும். நைட்ரைட் போட்ட சாசேஜ், பேக்கன் மாதிரி அயிட்டத்துக்கு இப்படியே பண்ணாதீங்க, நைட்ரைட் மலோன்டையால்டிஹைடை முழுங்கிட்டு நம்பரைக் குறைச்சுக் காட்டும், முன்னாடியே சல்ஃபானிலமைடு சேக்கணும்.

எல்லாம் முடிஞ்சதும் சிங்க்ல கொட்டற பழக்கத்தை விடுங்க. லெட் அசிடேட் பேப்பர் தனி டப்பாவுல போகணும், அம்மோனியா இருக்கான்னு பாக்கற நெஸ்லர் ரீஏஜென்ட் யாராவது பயன்படுத்தினா அதுல பாதரசம் இருக்கு, அது வேற டப்பா. ட்ரைகுளோரோ அசிடிக் மிச்சத்தை சமையல் சோடா பவுடர் கொஞ்சம் கொஞ்சமா போட்டு நுரை அடங்கின அப்புறம்தான் வெளிய விடணும். கெட்ட கறி சாம்பிளைக் கவர்ல கட்டி அன்னைக்கே அப்புறப்படுத்துங்க, லேப் ஃப்ரிட்ஜ்ல "நாளைக்குப் பாத்துக்கலாம்"னு வெச்சா அடுத்த வாரம் உங்க பிளாங்க் ஏறும்.